கல்லா இறுகின சிலிக்கேட் தண்ணில ஏன் கரையுது? ஜியோபாலிமர் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஜியோபாலிமர், அதாவது அலுமினியமும் சிலிக்கானும் இருக்கிற தூளைக் காரத்தோட வினை நடக்கவிட்டு சிமெண்ட் மாதிரி கல்லாக்குற பொருள், அதைப் பண்ணிப் பாக்கணும்னு ஆசைப்படுற நம்ம பசங்க நிறைய பேர் ஒரே இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வாட்டர் கிளாஸ்ங்கிற சிலிக்கேட் திரவத்தை வாங்கி, மணலோ சாம்பலோ கலந்து அச்சுல ஊத்தி ரெண்டு மூணு நாள் காயவிட்டா, தட்டுனா டங்குன்னு சத்தம் வர்ற அளவுக்கு இறுகிடுது, சந்தோஷமா கொண்டுபோய் காரிடார்ல பூந்தொட்டிக்கு அடியில வைக்கிறாங்க, ஒரு நாள் சாரல் அடிச்சதும் மேல பிசுபிசுன்னு ஆயிடுது, அப்புறம் ஓரமெல்லாம் கரைஞ்சு வெள்ளை வெள்ளையா பூத்துப் போயிடுது. "அண்ணே, சிமெண்டை விட ஸ்ட்ராங்குன்னு சொன்னாங்களே, இது என்ன இப்படி?"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். சிங்கப்பூர்ல வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கும் மேல, அதனால தண்ணி தாங்காத பொருளை வச்சு இங்க ஒண்ணுமே பண்ண முடியாது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இதைப் புடிச்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா புரியும். காய்ஞ்சு இறுகுறது வேற, வினை நடந்து இறுகுறது வேற. வெளியில பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், கையில தட்டிப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது, தண்ணில போட்டாத்தான் தெரியும். கடலைமிட்டாய்ப் பாகு இருக்குல்ல, ஆறுனதும் பல்லு உடையிற அளவுக்கு கெட்டி, ஆனா ஒரு டம்ளர் தண்ணில போட்டா கொஞ்ச நேரத்துல காணாமப் போயிடும். வெறுமனே காய்ஞ்ச வாட்டர் கிளாஸும் அந்த ஜாதிதான்.

வாட்டர் கிளாஸ்னா என்ன? மணலையும் சோடா சாம்பலையும் சேத்து 1,000 டிகிரிக்கும் மேல சூடாக்கி உருக்குனா ஒரு கண்ணாடி வரும், அதை அழுத்தத்துல வெந்நீரோட சேத்து கரைச்சா கொழகொழன்னு ஒரு திரவம், அதுதான் சோடியம் சிலிக்கேட் கரைசல். 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில ஃபுக்ஸ்ங்கிற வேதியியல் பேராசிரியர் இதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினதுல இருந்து பெயிண்ட், சோப்பு, அட்டைப்பெட்டி பசை, உலோகம் வார்க்கிற ஃபவுண்டரி அச்சுன்னு எல்லா இடத்துலயும் புகுந்துடுச்சு. இதுல எவ்வளவு சோடாவுக்கு (சோடியம் ஆக்சைடு) எவ்வளவு சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு, மணல்ல இருக்கிறது) இருக்குங்கிற கணக்குக்கு மாடுலஸ்னு பேரு. கடையில சாதாரணமா கிடைக்கிறது 3.2, 3.3 பக்கம் இருக்கும், காரம் ஜாஸ்தியானது 2 பக்கம். டப்பாவுல போட்டிருக்கிறது எடைக் கணக்கா மோல் கணக்கான்னு பாத்துக்கணும், மோல்னா எடையை விட்டுட்டு எத்தனை துகள்னு எண்ணுற கணக்கு. சோடியத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எடைக் கணக்கை 1.03 ஆல பெருக்குனா மோல் கணக்கு வந்துடும், ஆனா பொட்டாசியம் சிலிக்கேட்டுக்கு 1.57 ஆல பெருக்கணும், அங்க தவறவிட்டா மொத்தக் கலவையும் தப்பாயிடும்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். சிலிக்கால ஒவ்வொரு சிலிக்கானையும் சுத்தி நாலு ஆக்சிஜன் நிக்கும். அந்த ஆக்சிஜன் பக்கத்து சிலிக்கானோடவும் சேந்திருந்தா அது பாலம், வலை அந்த வழியா தொடரும். சோடியம் உள்ள வந்தா பாலம் அறுந்துபோய் ஆக்சிஜன் ஒரு முனையா நிக்கும், அதுகிட்ட சோடியம் ஒட்டிக்கிட்டு இருக்கும். மாடுலஸ் 2 உள்ள கண்ணாடியில சராசரியா ஒரு சிலிக்கானுக்கு இப்படி ஒரு அறுந்த முனை, 3.3 ஆனா பத்து சிலிக்கானுக்கு ஆறு முனைதான். தண்ணி மொதல்ல தாக்குறது இந்த முனைகளைத்தான், அதனால மாடுலஸ் குறைய குறைய சுலபமா கரையும். வாட்டர் கிளாஸ் காயும்போது தண்ணி வெளியேறி மூலக்கூறெல்லாம் நெருங்கி வருது, கொஞ்சம் பாலமும் புதுசா விழுது, ஆனா சோடியம் முழுக்க உள்ளயே உக்காந்திருக்கு, எங்கயும் போகல.

அது ஏன் பிரச்சனைன்னா, சிலிக்கா தண்ணில கரையிறது பிஹெச்சை, அதாவது தண்ணியோட காரத்தன்மை அளவைப் பொறுத்த விஷயம். சாதாரண நடுநிலைத் தண்ணில உருவமில்லாத சிலிக்கா ஒரு லிட்டருக்கு 100, 120 மில்லிகிராம் அளவுதான் கரையும், ரொம்பக் கம்மி. பிஹெச் 9, 10 தாண்டுச்சுன்னா கரையிற அளவு கிடுகிடுன்னு ஏறிடும். காய்ஞ்ச வாட்டர் கிளாஸ் மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா உள்ள இருக்கிற சோடா அந்தச் சொட்டுல இறங்கி பிஹெச்சை 11க்கும் மேல கொண்டுபோயிடும், அந்தக் காரத் தண்ணி சிலிக்காவைக் கரைக்கும், கரையக் கரைய இன்னும் சோடா வெளிய வரும். நம்ம ஊர்ல அதுக்கு மழைகூட வேணாம், காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கிட்டு பிசுபிசுன்னு ஆயிடும். வறண்ட ஊர்ல இருக்கிறவங்க எடுத்த வீடியோவைப் பாத்து இங்க அப்படியே செஞ்சா வராததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதே காரணத்தாலதான் இன்னொரு ஆச்சரியமும் நடக்குது, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது. சிலிக்கேட்டை வச்சு செய்யிற சாந்து ஆசிட்டைத் தாங்கும்! ரசாயன ஆலைகள்ல ஆசிட் தொட்டிக்குள்ள ஒட்டுற செங்கல்லுக்கு ரொம்ப காலமாவே அதைத்தான் பயன்படுத்துறாங்க. ஆசிட் சோடாவை நடுநிலையாக்கிடுது, மிச்சம் நிக்கிற சிலிக்கா ஆசிட்ல கரையாது. சாதாரண தண்ணிக்கும் காரத்துக்கும் பயப்படுற பொருள், ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டைத் தவிர மத்த ஆசிட்டுக்கு அசையாம நிக்குது. அப்போ எதிரி தண்ணி மட்டும் இல்ல, தண்ணியோட சேந்த சோடாதான்.

ஆக, சிலிக்கேட்டைத் தண்ணி தாங்க வைக்கணும்னா சுத்தி சுத்தி ரெண்டே வழிதான், சோடியத்தை வெளிய அனுப்பணும் இல்லன்னா உள்ளயே ஒரு வேலை குடுத்துக் கட்டிப்போடணும். ஃபவுண்டரியில மணல் அச்சுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஊதுவாங்க, அது சோடாவைப் புடிச்சு சோடியம் கார்பனேட் ஆக்கிடும், சிலிக்கா ஜெல்லாயி நிமிஷத்துல இறுகிடும். வேகமான வழி, ஆனா அந்தக் கார்பனேட் அங்கேயே உப்பா இருக்கு, ஈரம் பட்டா கரைஞ்சு ஓட்டை ஓட்டையா ஆகி பலம் போயிடும், அச்சுக்கு அது போதும், கட்டுமானத்துக்குப் போதாது. சூடு பண்ணலாம், 200 டிகிரிக்கு மேல மெதுவா கொண்டுபோனா தண்ணியெல்லாம் வெளியேறி இன்னும் நிறைய பாலம் விழும், முன்னைவிடப் பரவாயில்ல, ஆனாலும் சோடியம் அங்கேயேதான் இருக்கு. வேகமா சூடாக்குனா பொரி பொரிஞ்சு நுரையா உப்பிடும், தீத்தடுப்புக் கதவு ஓரத்துல வைக்கிற சில பட்டைகள் வேலை செய்யிறதே இந்தக் குணத்தாலதான்.

ஜியோபாலிமர் போற வழி ரெண்டாவது, சோடியத்துக்கு வேலை குடுக்கிற வழி. 1950கள்ல கியேவ்ல குளுகோவ்ஸ்கி காரம் சேத்து சிமெண்ட் பண்ணிப் பாத்தாரு, 1970கள்ல பிரான்ஸ்ல ஜோசப் டேவிடோவிட்ஸ் தீப்புடிக்காத பொருள் தேடிப் போய் களிமண் பக்கம் வந்தாரு, ஜியோபாலிமர்ங்கிற பேரு அவர் வச்சது. கயோலின் களிமண்ணை 600ல இருந்து 800 டிகிரி வரைக்கும் சுட்டா அதுக்குள்ள கட்டுண்டு இருந்த தண்ணி போயி அமைப்பு குலைஞ்சு மெட்டாகயோலின் ஆயிடும். இதைக் காரத்துல போட்டா அலுமினியமும் சிலிக்கானும் கரைஞ்சு வெளிய வரும். வந்த அலுமினியம் சிலிக்கான் உக்கார வேண்டிய இடத்துல, நாலு ஆக்சிஜனுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும், இங்கதான் சூட்சுமமே இருக்கு. சிலிக்கானுக்கு மின்சுமை நாலு, அலுமினியத்துக்கு மூணுதான், அப்போ அந்த இடத்துல ஒரு எதிர்ச்சுமை மிஞ்சும். அதைச் சரிக்கட்ட ஒரு சோடியம் வேணும். இதுவரைக்கும் பாலத்தை அறுத்துக்கிட்டு இருந்த சோடியம் இப்ப எதையும் அறுக்காம வலைக்கு உள்ள அலுமினியத்துக்குத் துணையா நிக்குது, நாலு பக்கமும் பாலம் முழுசா இருக்கு. தண்ணி வந்து சோடியத்துல கொஞ்சத்தை உருவிட்டுப் போனாலும் வலை நிக்கும்.

அதனால கணக்குல ரெண்டு எண்ணைக் கண்ணுல வச்சுக்கணும். சோடியமும் அலுமினியமும் மோல் கணக்குல ஒண்ணுக்கு ஒண்ணு. சிலிக்கான் அலுமினியத்தைப் போல ஒன்றரைல இருந்து ரெண்டு மடங்கு, மெட்டாகயோலினுக்கு 1.9 பக்கம் பலம் நல்லா வரும்னு சோதனையில பாத்திருக்காங்க. ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். சுத்தமான மெட்டாகயோலின் 222 கிராம் எடுத்தா அதுல அலுமினியம் 2 மோல், சிலிக்கான் 2 மோல். 1.9 வரணும்னா இன்னும் 1.8 மோல் சிலிக்கான் வேணும், அது மாடுலஸ் 3.3 உள்ள, சிலிக்கா 28.7 சதவீதம் இருக்கிற வாட்டர் கிளாஸ்ல சுமார் 375 கிராம்ல கிடைச்சுடும். ஆனா அதோட வர்ற சோடியம் 1.09 மோல்தான், நமக்கு வேண்டியது 2 மோல், மிச்சத்துக்கு காஸ்டிக் சோடா 36 கிராம் சேக்கணும். தனியா தண்ணி வேணாம், வாட்டர் கிளாஸ்ல இருக்கிறதே போதும். நிஜத்துல கிடைக்கிற மெட்டாகயோலின் அவ்வளவு சுத்தமா இருக்காது, அதனால கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ஆனா கணக்கு போடுற முறை இதுதான்.

இப்ப அதே திரவத்துல மெட்டாகயோலினை 222க்குப் பதிலா 100 கிராம் மட்டும் போட்டா என்ன ஆகும்னு பாருங்க. அலுமினியம் 0.9 மோல்தான் இருக்கு, சிலிக்கான் அதைப்போல மூணு மடங்கு, சோடியம் ரெண்டு மடங்குக்கும் மேல. பாதி சோடியத்துக்கு மேல துணை நிக்க அலுமினியமே இல்லாம சும்மா திரியும், அதைச் சுத்தி இருக்கிற பகுதியெல்லாம் பழைய வாட்டர் கிளாஸ் ஜெல்தான். அச்சுல இருந்து எடுக்கும்போது பளபளன்னு அழகா இருக்கும், தண்ணில போட்டா வழுவழுன்னு கரைய ஆரம்பிச்சுடும். காரிடார்ல வச்சது கரைஞ்சுதுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும், தூள் கம்மி, திரவம் ஜாஸ்தி, ஏன்னா அப்படி இருந்தாத்தான் ஊத்துறதுக்கு சுலபமா இருக்கும். சும்மா மணலையோ சுடாத மண்ணையோ கலந்தவங்களுக்கு நிலைமை இன்னும் மோசம், அதுல இருந்து அலுமினியம் கரைஞ்சு வர்றதே இல்லன்னு சொல்லலாம், அது ஜியோபாலிமரே இல்ல, சிலிக்கேட் பசையில ஒட்டுன மணல்.

காஸ்டிக் சோடா பத்தி ஒரு வார்த்தை, தயவுசெஞ்சு கேளுங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாம தொடாதீங்க, கண்ணுல ஒரு துளி பட்டா பார்வையே போயிடும். சோடாவைத் திரவத்துல கொஞ்சம் கொஞ்சமா போடணும், திரவத்தை சோடா மேல ஊத்தக் கூடாது, நல்லா சூடாகும், மறுநாள் வரைக்கும் ஆறவிட்டு அப்புறம் தூளைக் கலக்குங்க. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு வரும். சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டு சமையல்கட்டுல இதைச் செய்யாதீங்க.

அலுமினியத்தை விட்டா அடுத்த ஆள் கால்சியம். வாட்டர் கிளாஸ்ல கால்சியம் குளோரைடு கரைசலை ஊத்துனா கண்ணு முன்னாடியே ஜெல்லாயிடும், 1920கள்லயே யூஸ்டன்ங்கிற எஞ்சினியர் இந்த ரெண்டையும் மண்ணுக்குள்ள செலுத்தி மண்ணைக் கெட்டியாக்குற முறையைக் கொண்டுவந்தாரு. இன்னைக்கும் சுரங்கம் தோண்டுற டிபிஎம் மெஷின்ல, சுரங்கச் சுவரா வைக்கிற கான்கிரீட் வளையத்துக்குப் பின்னாடி இருக்கிற இடைவெளியை அடைக்க சிமெண்ட் கலவையோட சிலிக்கேட்டைச் சேத்து அனுப்புவாங்க, அந்த மாதிரி சைட்ல வேலை பாத்தவங்களுக்கு அது எவ்வளவு சீக்கிரம் கெட்டியாகும்னு தெரியும். கால்சியம் சிலிக்கேட் ஜெல் தண்ணில ரொம்பக் கம்மியாத்தான் கரையும், சாதாரண சிமெண்ட்டோட பலமே அதுதானே. அதனால இரும்பு ஆலைக் கசடு, அதாவது ஸ்லாக், தூளோட கொஞ்சம் சேத்தா அறை வெப்பத்துலயே இறுகும், தண்ணியும் தாங்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது, மெட்டாகயோலின் கிடைக்கலன்னா ஃப்ளை ஆஷும் (நிலக்கரி எரிக்கிற மின் நிலையத்துச் சாம்பல்) ஸ்லாக்கும் கலந்து போங்க, வெறும் ஃப்ளை ஆஷ்னா 60, 80 டிகிரி சூடு வேணும், இல்லன்னா ரொம்ப சோம்பலா இறுகும். ஆஸ்திரேலியாவுல 2014ல திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்துல பெரிய விமானம் நிக்கிற இடத்துக்கே ஸ்லாக்கும் ஃப்ளை ஆஷும் சேந்த ஜியோபாலிமர் கான்கிரீட்தான் போட்டிருக்காங்க.

சோடியத்துக்குப் பதிலா வேற காரமும் இருக்கு. பொட்டாசியம் சிலிக்கேட் வெள்ளையா பூக்குறது கம்மி, அதனாலதான் 1878ல ஜெர்மனியில கைம் பேடன்ட் வாங்குன சுவர்ப் பெயிண்ட் பொட்டாசியத்துல இருந்தது, அந்த வகை பெயிண்ட் இன்னைக்கும் விக்குது. லித்தியம் சிலிக்கேட் ஒருதடவை காய்ஞ்சா திரும்பக் கரைக்கிறது கஷ்டம், பாலிஷ் போட்ட கான்கிரீட் தரைக்கு அடிக்கிற டென்சிஃபையர்ல, அதாவது தரையை இறுக்குற திரவத்துல, அதைப் பயன்படுத்துறாங்க. விலைதான் ஜாஸ்தி.

கணக்கெல்லாம் சரியாப் போட்டும் கெடுறது க்யூரிங்ல, அதாவது அச்சுல இறுகவிடுற நேரத்துல. ஜியோபாலிமர்ல தண்ணி சிமெண்ட் மாதிரி ஜெல்லோட பெரிய பங்கா மாறிடாது, வினை நடக்குறதுக்கு ஒரு ஊடகமா நின்னுட்டு பெரும்பகுதி பின்னாடி வெளியேறிடும். ஆனா வினை முடியிறதுக்கு முன்னாடியே அது போயிடுச்சுன்னா அலுமினியம் பாதி கரையாம தூளுக்குள்ளயே தங்கிடும், சிலிக்கேட் சும்மா காய்ஞ்சு இறுகிடும், நாம முதல்ல சொன்ன அதே நிலைமை. ஏர்கான் ரூம்ல திறந்து வச்சா இது கண்டிப்பா நடக்கும், காத்து அவ்வளவு வறட்சி. அச்சை கிளிங் ராப்ல ரெண்டு சுத்து சுத்தி வெளியில வைங்க, 30 டிகிரி வெப்பம் இங்க வருஷம் பூரா சும்மா கிடைக்குது, ஒரு வாரம் மூடியே இருக்கட்டும், அவசரப்பட்டு வெயில்ல வைக்காதீங்க.

இன்னொண்ணையும் போட்டு குழப்பிக்கிறாங்க. தண்ணில கரையாம இருக்கிறது ஒரு குணம், தண்ணியை உள்ள விடாம இருக்கிறது இன்னொரு குணம். நல்லா வினை நடந்த ஜியோபாலிமர் கரையாது, ஆனா தண்ணி வெளியேறுன இடமெல்லாம் நுண்ணிய துளையா இருக்கிறதால தண்ணியை உறிஞ்சும். டாய்லெட் தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் பதிலா இதைப் போடலாமான்னு கேட்டா என் பதில் வேணாம்.

நான் இதைப் பத்தி இவ்வளவு பேசுறதுக்கு ஒரு காரணம் உண்டு. நம்ம குப்பையில எரியிறதையெல்லாம் எரிச்சு மிஞ்சுற சாம்பல் 1999ல இருந்து குப்பை கொட்டுற செமாக்காவ் தீவுக்குத்தான் போகுது, 2035 வாக்குல அந்த இடம் நிரம்பிடும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. அந்தச் சாம்பலை ஜியோபாலிமர்ல கட்டி கல்லா மாத்தலாமான்னு பல நாட்டுல ஆராய்ச்சி நடக்குது. அதுல உப்பும் கன உலோகமும் இருக்கு, ஜெல் தண்ணில கரையிற ஜெல்லா இருந்தா அத்தனையும் ஒரு நாள் வெளிய வந்துடும். அதுபோக, சாம்பல்ல இருக்கிற அலுமினிய உலோகத் துணுக்கு காரத்துல பட்டதும் ஹைட்ரஜன் வாயு கிளம்பி கல்லு உப்பி வெடிக்கும், அதனால முதல்ல அதைப் பிரிச்செடுக்கணும் இல்ல காரத்துல ஊறவச்சு அடக்கணும். இந்தத் தீவுல இடம் இல்லாத நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்ல.

சரி, உங்க கல்லு எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரு வாரம் மூடி வச்சு எடுத்த துண்டை எடை போட்டு, அதைப்போல பத்து மடங்கு சுத்தமான தண்ணில ஒரு நாள் ஊறப் போடுங்க. கையுறை போட்டுக்கிட்டு தண்ணியைத் தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருந்தா சோடா நிறைய இறங்கியிருக்கு, பிஹெச் ஸ்ட்ரிப் இருந்தா இன்னும் நல்லது. அந்தத் தண்ணில ஒரு சொட்டை கண்ணாடித் தகடு மேல விட்டுக் காயவிட்டா, படியிற வெள்ளைப் படலம் எவ்வளவு கனமோ அவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். துண்டை முழுசா உலத்தித் திரும்ப எடை போடுங்க, ஆனா துளையில இருந்த பழைய தண்ணியும் போயிருக்கும், அதனால ஊறப் போடாத இன்னொரு துண்டையும் கூடவே உலத்தி ரெண்டையும் ஒப்பிடணும். கொஞ்சம் கடுமையா பாக்கணும்னா தண்ணில போட்டு கொதிக்க விடுங்க, வெறுமனே காய்ஞ்சு இறுகின சிலிக்கேட் அதுலயே உருக்குலைஞ்சு போயிடும். லேப் வசதி இருக்கிறவங்க ஊறின துண்டோட பலத்தை காய்ஞ்ச துண்டோட பலத்தால வகுத்துப் பாப்பாங்க, 0.85க்கு மேல வந்தா தண்ணி தாங்கும்னு எடுத்துக்கலாம்.

வெள்ளை பூக்குதான்னு பாக்குறதுக்கு முழுசா முக்கக் கூடாது, ஒரு தட்டுல ஒரு விரக்கடைத் தண்ணி விட்டு துண்டை நிமித்தி வைங்க. அடியில தண்ணி ஏறும், மேல ஆவியாகும், மிச்ச சோடியம் அதோடவே ஏறிவந்து காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேந்து தண்ணிக்கோட்டுக்கு மேல பஞ்சு பஞ்சா பூக்கும். லேசா பூத்துட்டு துண்டு கெட்டியாவே இருந்தா சோடா மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கு, அடுத்த கலவையில காஸ்டிக்கைக் குறைங்க. பூக்குறதோட ஓரமும் மெத்துன்னு ஆச்சுன்னா தூள் பத்தல, இல்ல சரியா மூடி வைக்கல, மெட்டாகயோலினையோ ஸ்லாக்கையோ கூட்டி, இன்னும் ஒரு வாரம் சேத்து மூடி வச்சு திரும்ப அதே தட்டுல நிறுத்திப் பாருங்க.